என்கவுன்டருக்குக் கைதட்டுவோருக்கு

2025 அக்டோபர் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பு சொன்னது. 2017 பிப்ரவரியில் சென்னை முகலிவாக்கத்தில் ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட வழக்கு அது. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் 2018இல் தூக்குத் தண்டனை விதித்தது. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. டீக்கடையிலும் கைப்பேசியிலும் அன்று கேட்ட குரல் ஒன்றுதான்: "அன்னைக்கே என்கவுன்டர்ல போட்டிருந்தா இந்த நிலைமை வந்திருக்குமா?"

அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு எட்டு வருடம் நீதிமன்ற வாசலில் நின்ற பெற்றோருக்குக் கடைசியில் கிடைத்தது வெறுங்கை. அதைக் கேட்டுக் கொதிக்காதவர் இருக்க முடியாது. ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேருகிற இடம் தவறு. நம் ஊரில் இன்று கட்சி, சாதி, படிப்பு எல்லாவற்றையும் தாண்டிப் பெரும்பாலானோர் ஒப்புக்கொள்ளும் கருத்து ஒன்று உண்டென்றால், அது "கொடூரக் குற்றவாளியைச் சுட்டுத்தள்ளுவதே நீதி" என்பதுதான். இந்தக் கருத்து பாதிக்கப்பட்டவர்களுக்கே துரோகம் செய்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் அந்தத் தீர்ப்பையே எடுத்துக்கொள்வோம். உச்ச நீதிமன்றம் ஏன் விடுவித்தது? குற்றம் சாட்டப்பட்டவரைக் காட்டியதாகச் சொல்லப்பட்ட கண்காணிப்பு கேமராவின் பதிவு முறைப்படி கைப்பற்றப்பட்டு நீதிமன்றத்துக்கு வந்து சேரவில்லை. அவர் வாக்குமூலம் கொடுத்ததால்தான் பொருள்கள் கிடைத்தன என்ற போலீஸின் கூற்று நம்பும்படி இல்லை. தடயங்கள் எடுக்கப்பட்டதிலிருந்து ஆய்வகம் சேரும்வரை யார் கையில், எப்படி இருந்தன என்ற தொடர்ச்சி உறுதியாகக் காட்டப்படவில்லை. போதாக்குறைக்கு, அவர் தரப்பு வழக்கறிஞருக்கு வழக்கைத் தயார் செய்யப் போதிய அவகாசம் தராமல் விசாரணையை ஓட்டியிருந்தார்கள். இவற்றில் ஒன்றுகூட நீதிபதிகள் கருணை காட்டியதால் வந்த ஓட்டை அல்ல. எல்லாமே புலனாய்வும் அரசுத் தரப்பும் விட்ட ஓட்டைகள். ஒரு கேமராவின் பதிவை ஒழுங்காகக் கைப்பற்றி நீதிமன்றத்தில் சேர்க்க முடியாத துறைக்கு, யார் சாக வேண்டும் என்று முடிவுசெய்யும் அதிகாரத்தைக் கொடு என்பதுதானே இந்தக் கோரிக்கையின் பொருள்? சாட்சியம் சேகரிக்கத் தெரியாதவர்கள் குற்றவாளியை மட்டும் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று எப்படி நம்புவது?

என்கவுன்டரை ஆதரிப்பவர்கள் கோயம்புத்தூர் வழக்கை மறக்காமல் சொல்வார்கள். நானும் அதையே எடுக்கிறேன், ஏனென்றால் இந்த விவாதத்துக்கு அதைவிடத் தெளிவான வழக்கு கிடையாது. 2010 அக்டோபர் 29ஆம் தேதி, பள்ளிக்குக் கிளம்பிய ஒரு பத்து வயதுச் சிறுமியும் ஏழு வயதுத் தம்பியும் கடத்தப்பட்டார்கள். சிறுமி சிதைக்கப்பட்டாள். இரண்டு பிள்ளைகளையும் பரம்பிக்குளம் ஆழியாறு கால்வாயில் தள்ளிக் கொன்றார்கள். கைதானவர்கள் இரண்டு பேர். அவர்களில் வாகன ஓட்டுநராக இருந்தவரை நவம்பர் 9ஆம் தேதி அதிகாலை போலீஸ் சுட்டுக் கொன்றது. கோவையில் பட்டாசு வெடித்தார்கள், இனிப்பு கொடுத்தார்கள்.

இரண்டாவது ஆள் என்ன ஆனார் என்பதை அந்தப் பட்டாசுச் சத்தத்தில் நிறையப் பேர் மறந்துவிட்டார்கள். அவர் மீது வழக்கு நடந்தது. சாட்சிகள் வந்தார்கள், மருத்துவர் வந்தார், நடுவர் முன் கொடுத்த வாக்குமூலம் சோதிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில், 2012இல், கோவை மகளிர் நீதிமன்றம் தண்டித்தது. 2014இல் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. 2019இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் அவர் குற்றவாளி என்பதில் ஒருமித்தார்கள். தூக்கா, சாகும்வரை சிறையா என்பதில் மட்டும் ஒரு நீதிபதி மாறுபட்டார். மரண தண்டனையில் எனக்கு உடன்பாடு கிடையாது, அது வேறு பேச்சு. ஆனால் அந்தத் தீர்ப்புகளைப் படிக்கும் எவருக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு அன்று காலை நடந்தது மணிவாரியாகத் தெரியவரும். அதை இனி யாரும் மாற்றிச் சொல்ல முடியாது. அந்தப் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்க முடிந்த குறைந்தபட்ச மரியாதை அது.

சுடப்பட்டவர் விஷயத்தில் அப்படி எந்த ஏடும் இல்லை. திட்டம் முதலில் யாருடைய மனதில் வந்தது, பணத்துக்காகவா வேறெதற்காகவா, யார் எதைச் செய்தார் என்பவற்றில் அவருடைய தரப்பு அவரோடு போய்விட்டது. உயிரோடிருந்தவர் பழியின் பெரும்பங்கை இறந்தவர் தலையில் வைத்து வாதாட இடம் கிடைத்தது. அந்த வாதத்தை மறுத்துக் குறுக்குக் கேள்வி கேட்க, எதிரே ஆள் இல்லை. ஒரே குற்றத்துக்கு இரண்டு வழிகளில் முடிவு கண்டோம். அவற்றில் எது நீதி என்று அந்த வழக்கே காட்டிவிட்டது.

சாட்சி போனால் வழக்கு என்னவாகும் என்பதற்குச் சென்னையிலேயே இன்னும் அண்மையில் ஒரு நிகழ்வு உண்டு. 2024 ஜூலை 5ஆம் தேதி மாலை பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். அன்றிரவே எட்டுப் பேர் சிக்கினார்கள். பிடிபட்டவர்கள்தான் உண்மையான கொலையாளிகளா, பின்னால் இருப்பது யார், பணம் எங்கிருந்து வந்தது என்று அரசியல் தலைவர்கள் வெளிப்படையாகவே கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர்களில் ஒருவரை, ஒன்பதாவது நாள் அதிகாலை, ஆயுதங்களை எடுத்துத் தரக் கூட்டிப்போன இடத்தில் போலீஸ் சுட்டுக் கொன்றது. பின்னால் குற்றப்பத்திரிகையில் ஏறத்தாழ 30 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். இத்தனை பேர் சேர்ந்து செய்த சதியில், காவலில் கையில் கிடைத்திருந்த ஒரு வாய் நிரந்தரமாக மூடப்பட்டது. இதனால் யாருக்கு லாபம்? கொலையுண்டவரின் குடும்பத்துக்கு நிச்சயம் இல்லை. கூலிப்படையை ஏவி விடுகிற எந்த முதலாளிக்கும் ஏவப்பட்டவன் பேசாமல் செத்துப்போவதைவிட வேறென்ன வேண்டும்?

"தற்காப்புக்குத்தானே சுட்டார்கள்" என்பார்கள். தற்காப்பு எல்லோருக்கும் உள்ள உரிமை, போலீஸ்காரருக்கும் உண்டு. ரவுடியை மடக்கப் போய் உண்மையிலேயே வெட்டுப்பட்ட காவலர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நாளிதழில் வருகிற செய்திகளை வரிசையாக வைத்துப் படித்துப் பாருங்கள். அதிகாலை நேரம். ஆயுதத்தைப் பதுக்கிய இடத்தைக் காட்ட அழைத்துப் போகிறார்கள். தப்பி ஓடுகிறார், பதுக்கிய அரிவாளையோ துப்பாக்கியையோ எடுக்கிறார். ஒரு காவலருக்குக் கையில் காயம். ஆய்வாளர் சுடுகிறார், குண்டு மார்பில் பாய்கிறது. 2024 செப்டம்பரில் 18ஆம் தேதி வியாசர்பாடியிலும் 23ஆம் தேதி நீலாங்கரையிலும் என ஒரே வாரத்தில் சென்னையில் இரண்டு பேர் சுடப்பட்டார்கள். நீலாங்கரையில் இறந்தவர் அதற்கு முன்பே ஆந்திராவில் பிடிபட்டுக் காவலில் கொண்டுவரப்பட்டவர். ஆயுதம் தாங்கிய ஒரு தனிப்படையின் பிடியில் இருப்பவர் ஆயுதத்தை எடுக்கும் அளவுக்கு ஒவ்வொரு முறையும் போலீஸார் கோட்டை விடுகிறார்களா? அப்படியென்றால் அது கடமை தவறியது, அதற்கு விசாரணை வேண்டும். இல்லையென்றால் அது கொலை, அதற்கும் விசாரணை வேண்டும். இரண்டில் எதுவானாலும் பாராட்டுக்கு இடமில்லை.

இதையெல்லாம் சட்டம் யோசிக்காமல் இல்லை. 2014இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 16 வழிகாட்டுதல்களை வகுத்தது. போலீஸ் சுட்டு ஒருவர் இறந்தால் வழக்குப் பதிய வேண்டும். சுட்ட குழுவைச் சேராத வேறு நிலையமோ சி.ஐ.டி.யோ அதைப் புலனாய வேண்டும். நடுவர் விசாரணை கட்டாயம். சுட்டவர்களுக்கு உடனடியாகப் பதவி உயர்வோ வீரப் பதக்கமோ தரக் கூடாது. கடைசியாகச் சொன்ன விதியை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். சுட்டுக் கொன்றால் பரிசு கிடைக்கும் என்ற ஆசை, குற்றத்தை விசாரிக்கும் துறைக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் அஞ்சியது. பதக்கத்தை நீதிமன்றம் நிறுத்தலாம். பாராட்டுச் சுவரொட்டியை யார் நிறுத்துவது? அது நம் கையில்தான் இருக்கிறது.

அந்தப் பாராட்டு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஹைதராபாத் சாட்சி. 2019 நவம்பரில் ஒரு கால்நடை மருத்துவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். டிசம்பர் 6ஆம் தேதி விடியும் முன், கைதான நான்கு பேரையும் சட்டன்பள்ளியில் போலீஸ் சுட்டுக் கொன்றது. மக்கள் போலீஸ்மீது பூ தூவினார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களே வாழ்த்தினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்புர்கர் ஆணையம் ஒவ்வொரு சாட்சியாக விசாரித்துத் தந்த அறிக்கை 2022 மே மாதம் வெளியானது. துப்பாக்கியைப் பறித்தார்கள், கண்ணில் மண்ணை வீசினார்கள் என்ற கதை நம்பத்தக்கதல்ல, கொல்லும் நோக்கத்தோடே சுட்டிருக்கிறார்கள் என்று ஆணையம் சொன்னது. இறந்தவர்களில் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் கண்டது. பத்துப் போலீஸார்மீது கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது. அந்த நான்கு பேரும் குற்றவாளிகளாகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்த மருத்துவரின் கொலையை விசாரித்து எழுதப்பட்ட ஒரு தீர்ப்பு இன்று எந்த நீதிமன்றத்திலும் இல்லை, இனி வரப்போவதும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு உரியதைப் பறித்தது யார்?

"குற்றவாளி என்று தெரிந்தவனைத்தானே சுடுகிறார்கள்" என்பவர்கள் 2017 செப்டம்பரில் குருகிராமில் நடந்ததை ஒருமுறை நினைக்க வேண்டும். ஒரு தனியார் பள்ளிக் கழிப்பறையில் ஏழு வயதுச் சிறுவன் கழுத்தறுபட்டுக் கிடந்தான். அன்றே பள்ளிப் பேருந்தின் நடத்துநரைப் போலீஸ் கைதுசெய்தது, குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்றது. ஊரே அவரைத் தூக்கில் போடச் சொன்னது. அந்த வாரம் அவரைச் சுட்டிருந்தால் அங்கும் பூ தூவியிருப்பார்கள். பிறகு வழக்கைக் கையிலெடுத்த சி.பி.ஐ., அவருக்கும் கொலைக்கும் சம்பந்தம் இல்லை என்று கண்டு, இரண்டு மாதம் கழித்து அதே பள்ளியின் மேல்வகுப்பு மாணவர் ஒருவரைப் பிடித்தது. 2018இல் நடத்துநர் முழுமையாக விடுவிக்கப்பட்டார். அவர் உயிரோடு இருப்பதற்கு ஒரே காரணம் வழக்கு நடந்ததுதான்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தப் பாடம் வெளியிலிருந்து வர வேண்டியதே இல்லை. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸின் சிறப்புப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. செம்மரம் வெட்ட வந்தவர்கள், கல்லாலும் அரிவாளாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றார்கள். இறந்தவர்கள் நம் மலைவாழ் மக்கள், கூலிகள். பேருந்திலிருந்து இறக்கிக் கூட்டிப்போனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். அன்று தமிழ்நாடே கொதித்தது, கொதித்தது நியாயம். அதே கதையை, அதே சொற்களில், நம் போலீஸ் சொல்லும்போது மட்டும் நாம் ஏன் அப்படியே நம்புகிறோம்? திருவண்ணாமலை மலைக்காரருக்குக் கேட்ட நியாயத்தை வியாசர்பாடிக்காரருக்கும் கேட்டாக வேண்டும். இரண்டு இடத்திலும் குண்டு பாய்ந்தது கேட்க நாதியில்லாதவர்கள்மீதுதான். கோடிக்கணக்கில் சீட்டுப் பணத்தை ஏப்பம் விட்டவர் எவரும் ஆவணத்தைக் காட்டப்போன இடத்தில் சுடப்பட்டதாக நான் படித்ததில்லை.

ஆனால் என்னை மிகவும் கலங்கவைப்பது வேறொன்று. போலீஸின் கை எங்கே நிற்கும் என்பது. ரவுடியை அடித்துக் கை காலை முறித்துவிட்டு, கழிப்பறையில் வழுக்கி விழுந்தார் என்று எழுதுகிறார்கள். மாவுக்கட்டோடு நிற்கும் படம் கைப்பேசிகளில் சுற்றுகிறது, நாம் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பு ஒரு அனுமதி. அடிப்பது தப்பில்லை, ஆளைப் பார்த்து அடித்தால் போதும் என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம். ஆளை யார் பார்ப்பது? அந்த இரவில் பணியில் இருக்கிற சப்-இன்ஸ்பெக்டர்தான். 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தது என்ற புகாருக்காக ஒரு தகப்பனும் மகனும் காவல் நிலையத்துக்குப் போனார்கள். ஜெயராஜும் பென்னிக்ஸும் ரவுடிகள் அல்ல, செல்போன் கடை வைத்திருந்தவர்கள். இரவு முழுக்க அடிபட்டார்கள். ரத்தம் வழிய ரிமாண்ட் செய்யப்பட்டு, கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். விசாரிக்கப்போன நடுவருக்கு ஒத்துழைப்பு மறுக்கப்பட்டு, அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. அன்று நடந்ததைத் துணிந்து சொன்னவர் அதே நிலையத்தில் பணியாற்றிய ஒரு பெண் தலைமைக் காவலர்.

ஐந்தே ஆண்டில், 2025 ஜூனில், சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் மறுபடியும் நடந்தது. கோயிலுக்கு வந்த ஒருவரின் காரிலிருந்து நகை காணாமல் போனதாகப் புகார். கோயிலின் ஒப்பந்தக் காவலாளியான இளைஞரைத் தனிப்படை பிடித்துப் போனது. பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள். இந்த இரண்டு வழக்குக்கும் வடசென்னை என்கவுன்டருக்கும் தொடர்பில்லை என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டாம், நாமே முடிக்கலாம் என்று ஒரு துறைக்குத் தோன்றிவிட்டால், அந்த எண்ணம் போலீஸ் வைத்திருக்கும் ‘ஏ பிளஸ்’ ரவுடிப் பட்டியலோடு நின்றுவிடாது. அதற்குக் கைதட்டிய நாமும் இந்த இளைஞரின் சாவில் பங்கில்லாதவர்கள் இல்லை.

சரி, நீதிமன்றம் தாமதிக்கிறதே என்பார்கள். தாமதிக்கிறது, மறுக்கவில்லை. அதற்காக நீதிமன்றத்தால் முடியாது என்று ஆகிவிடாது. 2024 டிசம்பர் 23ஆம் தேதி அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். 2025 மே 28ஆம் தேதி சென்னை மகளிர் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. ஜூன் 2ஆம் தேதி, 30 ஆண்டுகளுக்குக் குறையாமல் சிறையில் இருக்க வேண்டிய ஆயுள் தண்டனை. ஐந்தே மாதம்! அதே மே மாதம் 13ஆம் தேதி பொள்ளாச்சி வழக்கில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்த வழக்கு இழுத்தது உண்மை, 2019இல் தொடங்கியது. ஆனால் ஆள்பலமும் மிரட்டலும் இருந்த வழக்கில், பாதிக்கப்பட்ட பெண்கள் வந்து சாட்சி சொன்னார்கள். பிறழவில்லை. அந்தப் பெண்களின் துணிச்சலுக்குக் கிடைத்த தீர்ப்பு அது. பிடிபட்ட வாரமே அந்த ஒன்பது பேரையும் சுட்டிருந்தால், அந்தப் பெண்கள் வாய் திறக்கவே வாய்ப்பு இருந்திருக்காது. நடந்ததை ஊர் ஒப்புக்கொள்ளவைத்தது அவர்களுடைய சாட்சியம்.

எங்கே வேகம் வருகிறது, எங்கே நிற்கிறது என்பது ரகசியம் இல்லை. தடய அறிவியல் அறிக்கை மாதக்கணக்கில் வராது. அரசு வழக்கறிஞர் கட்சிச் சிபாரிசில் வந்தவராக இருப்பார். புலனாய்வு அதிகாரி பந்தோபஸ்துக்கும் மாநாட்டுக்கும் போய்விட்டு, நடுவில் வழக்கைப் பார்ப்பார். சாட்சிக்குப் பாதுகாப்பு இருக்காது, வாய்தா மேல் வாய்தாவில் அவர் சலித்துப்போவார். பாலியல் வன்கொடுமை வழக்குகளைக் குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதை நிறைவேற்ற ஆளும் பணமும் ஒதுக்கச் சொல்லி எந்த ஊரில் மறியல் நடந்தது? என்கவுன்டர் அரசுக்குக் கிடைக்கும் மிக மலிவான பதில். ஒரு தோட்டாவின் செலவில் மக்களின் கோபம் அடங்கிவிடுகிறது, ஆய்வகத்தின் காலிப் பணியிடம் காலியாகவே இருக்கிறது.

கடைசியாக ஒரு கேள்வி எப்போதும் வரும்: "உன் வீட்டுப் பிள்ளைக்கு நடந்தால் இப்படிப் பேசுவாயா?" பேச மாட்டேன். என் வீட்டில் நடந்தால் செய்தவனைக் கொல்லத்தான் துடிப்பேன். அதனால்தான் தீர்ப்பை என் கையில் கொடுக்கக் கூடாது. ஆனால் அந்த வெறி அடங்கிய பிறகும் ஒன்று எனக்கு வேண்டியிருக்கும். செய்தது அவன்தானா, அவன் மட்டும்தானா, என் பிள்ளைக்கு என்ன நடந்தது, யார் தடுத்திருக்க முடியும் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆளை, என் பெயரைச் சொல்லி, அரசாங்கம் விடியற்காலையில் சுட்டுவிட்டு வந்து நிற்பதை நான் ஏற்க மாட்டேன். மனித உரிமை குற்றவாளிக்கு மட்டும்தானா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். விசாரணை என்பது பாதிக்கப்பட்டவரின் உரிமை.

2014இன் உச்ச நீதிமன்ற விதிகளின்படி, தமிழ்நாட்டில் அதற்குப் பின் நடந்த ஒவ்வொரு என்கவுன்டருக்கும் ஒரு நடுவர் விசாரணை அறிக்கை இருக்க வேண்டும். யார் சுட்டார், எத்தனை அடி தூரத்திலிருந்து, காவலருக்கு என்ன காயம், அன்று காவலில் கோட்டை விட்ட அதிகாரிமீது என்ன நடவடிக்கை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்த அறிக்கைகள் அனைத்தையும் அரசு சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். ஆளுங்கட்சி எதுவானாலும், எதிர்க்கட்சியில் உட்காருகிறவர்கள் முதல் நாளே கேட்க வேண்டியது இதைத்தான்.